அக்கம்பக்கமும் அகச்சிவப்பும்

ஆனி மாத இரவில், மேகமும் தெருவிளக்கும் இல்லாத இடத்தில் நின்று தென்வானத்தைப் பார்த்தால், கேட்டைக்கும் மூலத்துக்கும் அருகே பால்வழி நன்றாகத் தெரியும். அந்த வெளிச்சத்தின் நடுவில் நீளமாகக் கருமை ஒன்று ஓடுவதும் தெரியும். இரண்டு பக்கமும் விண்மீன்கள் நெருக்கியடிக்க, நடுவில் மட்டும் ஏன் காலி? வானத்தைத் துருவித் துருவிப் பார்த்த வில்லியம் ஹெர்ஷலுக்கும் 1780-களில் இந்தக் கேள்வி எழுந்தது. அங்கே விண்மீன்களே இல்லை, அவை வானத்தின் ஓட்டைகள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

விண்மீன்கள் அங்கேயும் இருக்கின்றன. நமக்கும் அவற்றுக்கும் நடுவே தூசி நிற்கிறது. இதை 1930-இல் ஐயமற நிறுவியவர் ராபர்ட் டிரம்ப்ளர். ஒரு விண்மீன் கூட்டம் எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்பதை வைத்து அதன் தூரத்தைக் கணக்கிடலாம். எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்தும் கணக்கிடலாம். டிரம்ப்ளர் இரண்டையும் செய்து பார்த்தார். விடைகள் ஒத்துப்போகவில்லை. தொலைவில் இருந்த கூட்டங்கள் இருக்க வேண்டியதைவிட மங்கலாக இருந்தன. வழியில் ஏதோ ஒன்று ஒளியைத் தின்றுகொண்டிருந்தது.

தின்ற ஒளி எங்கே போகிறது? ஆற்றல் அழியாது, எங்காவது வெளிவந்தே ஆக வேண்டும். அது வெளிவரும் வாசலைக் கண்டுபிடித்தவரும் அதே ஹெர்ஷல்தான். 1800-இல் அவர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வெப்பம் இன்னும் கூடுதலாக ஏறியது. இன்று நாம் அகச்சிவப்பு என்று சொல்லும் ஒளி அதுதான். தாம் ஓட்டை என்று ஒதுக்கிய இடங்கள் இந்த ஒளியில்தான் பிரகாசிக்கின்றன என்பது தெரியாமலே அவர் காலமானார்.

அண்டவெளித் தூசி நம் வீட்டு அலமாரியில் படிவதைப் போன்றதன்று. மணலின் உறவினர்களான சிலிக்கேட் துகள்களும் புகைக்கரியின் உறவினர்களான கரிமத் துகள்களும் கலந்தது அது. பெரும்பாலான துகள்கள் ஒரு மைக்ரானைவிடச் சிறியவை. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் வாயுவின் நிறையோடு ஒப்பிட்டால் தூசி சுமார் ஒரு சதவீதம்தான். ஆனால் அதன் செல்வாக்கு நிறைக்குப் பொருந்தாத அளவு பெரிது. ஒரு சராசரிச் சுருள் விண்மீன் மண்டலத்தில் (கேலக்சி) விண்மீன்கள் உமிழும் ஒளியில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தூசி விழுங்கிவிடுகிறது. புறஊதாவும் நீலமும் அதில் அதிகம் சிக்குகின்றன. இளம் விண்மீன்கள் உமிழ்வது பெரும்பாலும் அந்த ஒளியைத்தான்.

விழுங்கிய துகள் சூடாகிறது. சூடு என்றால் நம் கணக்கில் கடுங்குளிர்: தனிச்சுழியத்துக்கு மேல் 20 பாகை, அதாவது சுமார் மைனஸ் 253 டிகிரி செல்சியஸ். அந்த நிலையிலும் எந்தப் பொருளும் ஒளி உமிழ்வதை நிறுத்துவதில்லை, அலைநீளம்தான் மாறுகிறது. சூரியன் போல 5,800 பாகையில் இருப்பது அரை மைக்ரான் ஒளியைச் சிந்தும். 20 பாகையில் இருக்கும் தூசி சுமார் 150 மைக்ரானில் உச்சமாக ஒளிரும். இதைத் தொலை அகச்சிவப்பு என்கிறோம். ஆகவே ஒரு மண்டலத்தின் அகச்சிவப்பு நிறமாலையில் இரண்டு சேதிகள் உண்டு. உச்சம் எந்த அலைநீளத்தில் இருக்கிறது என்பது தூசியின் வெப்பநிலையைக் காட்டும். அந்த வெப்பநிலைக்கு மொத்த வெளிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் தூசியின் நிறை கிடைக்கும். எத்தனையோ கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் தூசியை யாரும் தராசில் வைக்கவில்லை. எல்லாம் இப்படி வந்த எடைதான்.

இந்தச் சேதியைத் தரையில் இருந்து படிக்க முடியாது. நம் காற்றில் உள்ள நீராவி தொலை அகச்சிவப்பை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். விண்ணுக்குப் போனாலும் தொல்லை தீராது, ஏனென்றால் தொலைநோக்கியே அகச்சிவப்பில் ஒளிரும். அதனால் கருவிகளைத் திரவ ஹீலியத்தில் குளிர்விக்க வேண்டும். அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து 1983 ஜனவரியில் ஏவிய ஐராஸ் செயற்கைக்கோள் முதன்முதலாக வானம் ஏறக்குறைய முழுவதையும் இப்படிப் பார்த்தது. பத்தே மாதத்தில் ஹீலியம் தீர்ந்துவிட்டது. ஆனால் அதற்குள் சுமார் இரண்டரை லட்சம் அகச்சிவப்புப் புள்ளிகளைப் பட்டியலிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். நிறையும் வடிவமும் ஏறக்குறைய ஒன்றாக உள்ள இரண்டு சுருள் மண்டலங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று அக்கம்பக்கம் யாருமில்லாத வெளியில் தனியே கிடக்கிறது. இன்னொன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்கள் நெருங்கி வாழும் கொத்துக்குள் இருக்கிறது. இரண்டின் தூசி ஒளியும் ஒன்றாக இருக்குமா?

இருக்காது. இதைச் சோதிக்க நமக்கு மிக அருகில் வாய்த்த களம் கன்னிக் கொத்து. சுமார் ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தூரம். சித்திரை மாதம் இரவு பத்து மணி அளவில் வட தமிழ்நாட்டில் அது ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். உத்திரமாகிய சிம்மத்தின் வால் விண்மீனுக்குக் கிழக்கே, கண்ணுக்கு வெறுமையாகத் தெரியும் அந்தத் திட்டில் ஆயிரத்துக்கும் அதிகமான மண்டலங்கள் இருக்கின்றன. நடுவில் எம் 87 என்ற பெரும் நீள்வட்ட மண்டலம். சில ஆண்டுகளுக்கு முன் கருந்துளையின் நிழற்படம் என்று செய்தித்தாள்களில் வந்ததே, அதே மண்டலம்தான்.

கொத்துகளில் வாழும் மண்டலங்கள் வேறு மாதிரியானவை என்பது பழைய சேதி. ஆலன் டிரெஸ்லர் 1980-இல் 55 கொத்துகளை ஆராய்ந்து, நெரிசல் கூடக் கூடச் சுருள் மண்டலங்கள் குறைந்து, தட்டு இருந்தும் சுருள் இல்லாத வில்லை மண்டலங்களும் நீள்வட்ட மண்டலங்களும் பெருகுகின்றன என்று காட்டினார். அந்த இரண்டு வகையிலும் புதிய விண்மீன்கள் பிறப்பது அரிது, தூசியும் குறைவு. அதனால் மொத்தமாகப் பார்த்து, கொத்தில் அகச்சிவப்பு மங்கல் என்று சொல்லிவிடுவது எளிது. அது பாதி விடைதான். அங்கே மிச்சமிருக்கும் சுருள் மண்டலங்களுக்கு என்ன ஆகிறது என்பதே சுவாரசியமான கேள்வி.

கொத்தில் மண்டலங்களுக்கு இடையே இருப்பது வெற்றிடமன்று. அங்கே ஒரு வாயு நிறைந்திருக்கிறது. சுமார் மூன்று கோடி டிகிரி வெப்பம். அதனால் அது எக்ஸ் கதிர்களில் ஒளிரும், அதை வைத்துத்தான் அது இருப்பதே தெரிந்தது. அடர்த்தி மிகச் சொற்பம்: ஒரு லிட்டர் இடத்தில் ஒரு துகள் என்ற அளவில்தான் கொத்தின் பெரும்பகுதி. நாம் விடும் மூச்சோடு ஒப்பிட்டால் அதை வாயு என்று சொல்லவே கூசும். ஆனால் மண்டலங்கள் அதனூடே விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்கின்றன. வேகம் சும்மா விடுமா?

காற்றே வீசாத நாளில் மொபெட்டில் போகிறவரின் தோள்துண்டு பின்னால் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்று அவரை நோக்கி வரவில்லை, அவர்தான் காற்றுக்குள் போகிறார். துண்டுக்கு இரண்டும் ஒன்றுதான். வேகம் இரு மடங்கானால் தள்ளும் அழுத்தம் நான்கு மடங்காகும். ஓட்டுகிறவர் அசைவதில்லை, துண்டுதான் பறக்கிறது. கழுத்தைச் சுற்றி இறுகக் கட்டியிருந்தால் முனை மட்டும் படபடக்கும். மண்டலத்தில் விண்மீன்கள்தாம் ஓட்டுகிறவர்: கனமும் கச்சிதமுமானவை, அந்த மெல்லிய வாயு அவற்றை ஒன்றும் செய்யாது. விண்மீன்களுக்கு இடையே பரந்து கிடக்கும் குளிர்ந்த வாயுவே துண்டு. ஜேம்ஸ் கன்னும் ரிச்சர்ட் காட்டும் 1972-இல் இந்த யோசனையை முன்வைத்தார்கள். தமிழில் இதை மோதழுத்தம் என்று சொல்லலாம்.

யோசனை நன்று, சான்று வேண்டுமே. முதல் சான்று ரேடியோவிலிருந்து வந்தது. குளிர்ந்த ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ரேடியோ ஒலிபரப்பும். அதை அளந்தால் மண்டலத்தில் எவ்வளவு ஹைட்ரஜன் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மார்த்தா ஹேன்ஸும் ரிக்கார்டோ ஜியோவனெல்லியும் 1984-இல் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். தனித்து வாழும் மண்டலங்களை மட்டும் எடுத்து, இன்ன வகை, இன்ன அளவு என்றால் இவ்வளவு ஹைட்ரஜன் இருக்க வேண்டும் என்று ஓர் அளவுகோல் அமைத்தார்கள். கொத்தில் உள்ள மண்டலத்தை அதோடு ஒப்பிட்டால் எவ்வளவு குறைகிறது என்று சொல்லிவிடலாம். இதற்கு ஹைட்ரஜன் பற்றாக்குறை என்று பெயர். கன்னிக் கொத்தின் நடுப்பகுதிச் சுருள் மண்டலங்கள் பலவற்றில், இருக்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நியூ மெக்சிகோவின் ரேடியோ தொலைநோக்கி வரிசை பிற்பாடு எடுத்த படங்களில் இழப்பின் வடிவமும் தெரிந்தது: ஹைட்ரஜன் தட்டு வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டப்பட்டிருந்தது, விண்மீன் தட்டுக்கு ஒரு கீறலும் இல்லை.

விண்மீன்களையும் வாயுவையும் ஒருசேரப் பாதிக்கும் வேறு காரணங்களை இந்த ஒரு சான்றே ஓரங்கட்டிவிடுகிறது. பக்கத்து மண்டலத்தின் ஈர்ப்பு பிடித்து இழுத்திருந்தால் விண்மீன்களும் சேர்ந்து இழுபட்டிருக்கும்.

தூசி என்ன ஆனது? வாயுவோடு கலந்தே இருப்பதால் அதோடு போயிருக்க வேண்டும் என்று தோன்றும். ஐராஸால் இதற்கு விடை சொல்ல முடியவில்லை. அதன் அதிகபட்ச அலைநீளம் 100 மைக்ரான். தூசியின் நிறையில் பெரும்பங்கு இன்னும் குளிர்ந்து, அதற்கும் அப்பால்தான் அதிகம் ஒளிர்கிறது. விடை வந்தது ஐரோப்பிய விண்வெளி முகமை 2009 மே மாதம் ஏவிய தொலைநோக்கியிடமிருந்து. மூன்றரை மீட்டர் ஆடி, 500 மைக்ரான் வரை எட்டும் பார்வை, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருப்பிடம். அதற்கு ஹெர்ஷல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஹெர்ஷல் கன்னிக் கொத்தில் 80-க்கும் மேற்பட்ட சதுர பாகைப் பரப்பைப் படமெடுத்தது. ஏறக்குறைய 400 முழுநிலவுகளை அடுக்கும் இடம். முதல் முடிவுகளே 2010-இல் தெளிவாக இருந்தன. ஹைட்ரஜன் பற்றாக்குறை அதிகமுள்ள சுருள் மண்டலங்களில் தூசித் தட்டும் குறுகியிருந்தது. விண்மீன்கள் வெளியே வரை பரந்திருக்க, அகச்சிவப்பு ஒளி மையத்தை ஒட்டியே நின்றுவிட்டது. வாயுவைப் பிடுங்கிய கை தூசியையும் பிடுங்கியிருக்கிறது.

ஆனால் சமமாகப் பிடுங்கவில்லை. அருகில் உள்ள 323 மண்டலங்களைத் தேர்ந்து ஹெர்ஷல் செய்த இன்னொரு ஆய்வு இதைக் காட்டியது. கொத்து மண்டலங்கள் தூசியை இழந்திருந்தாலும், அணு ஹைட்ரஜனை இழந்த அளவுக்கு இழக்கவில்லை. மிச்சமிருக்கும் ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் தனித்து வாழ்பவற்றைவிட அவற்றில் தூசி அதிகமாகவே தெரிந்தது. முதலில் கேட்டால் முரண்பாடு போலிருக்கும். காரணம் இருப்பிடம். அணு ஹைட்ரஜன் விண்மீன்களின் எல்லையையும் தாண்டி, மண்டலத்தின் ஈர்ப்புப் பிடி தளர்ந்த வெளி ஓரம் வரை விரிந்திருக்கும். தூசியோ பெரும்பாலும் உள்ளே, புதிய விண்மீன்கள் பிறக்கும் அடர்ந்த மூலக்கூறு மேகங்களோடு கிடக்கிறது. அங்கே ஈர்ப்பு வலிது, மேகமும் கனமானது. கழுத்தோடு இறுக்கிய துண்டை உருவுவது சிரமம்.

இது நேரடியாகத் தெரியும் படங்களும் உண்டு. கன்னிக் கொத்தில் என்ஜிசி 4402 என்ற மண்டலத்தை விளிம்போடு பார்க்கிறோம். ஹபிள் எடுத்த படத்தில் அதன் தூசித் தட்டு ஒரு பக்கமாக வளைந்திருக்கிறது. 30 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால், கோமா கொத்தில் என்ஜிசி 4921. அதன் முன்விளிம்பில் தூசி நெடுந்தூரத்துக்கு ஒரே வரிசையாகத் தள்ளப்பட்டு நிற்க, அங்கங்கே சில மேகங்கள் மட்டும் வரிசைக்கு முன்னால் பிடிவாதமாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. அடர்ந்த மேகம் எளிதில் நகராது என்பதற்கு இதைவிட நல்ல படம் வேண்டியதில்லை. நம் ஆஸ்ட்ரோசாட்டும் இத்தகைய மண்டலம் ஒன்றைப் புறஊதாவில் படமெடுத்திருக்கிறது. ஏபெல் 85 கொத்தில் வாயு வால் நீட்டிப் பாயும் ஜேஓ 201 அது. வாலிலேயே இளம் விண்மீன்கள் பிறந்திருப்பது அதில் தெரிந்தது.

வெளியே தள்ளப்பட்ட தூசிக்கு ஆயுள் குறைவு. மூன்று கோடி டிகிரி வாயுவில் மாட்டிய துகளை வேகமான அயனிகள் மோதி மோதி அணு அணுவாகப் பெயர்த்துவிடும். இந்த அரிப்பில் ஒரு சராசரித் துகள் சுமார் பத்துக் கோடி ஆண்டுக்குள் காணாமல் போகும். வாயு அடர்ந்த இடத்தில் இன்னும் சீக்கிரம். ஒரு மண்டலம் கொத்தைக் குறுக்கே கடக்க நூறு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும் என்பதோடு ஒப்பிட்டால் இது கண்ணிமைக்கும் நேரம். ஆகவே கொத்தின் வெளியில் எங்காவது குளிர்ந்த தூசி தெரிந்தால், அது அண்மையில்தான் அங்கே வந்திருக்க வேண்டும் என்று துணிந்து சொல்லலாம். எம் 86 என்ற நீள்வட்ட மண்டலத்தில் ஹெர்ஷல் அப்படியொரு தூசி இழையைக் கண்டது. அந்த மண்டலத்துக்கும் பக்கத்தில் உருக்குலைந்து கிடக்கும் என்ஜிசி 4438-க்கும் நடுவே நாலு லட்சம் ஒளியாண்டு நீளத்துக்கு ஒளிரும் வாயு இழைகள் ஓடுவது 2008-இல் தெரியவந்தது. இரண்டும் மோதியிருக்கின்றன, தூசி என்ஜிசி 4438-இன் சொத்து. எம் 86-இல் தூசி எப்படி என்ற பழைய வழக்கு அதோடு முடிந்தது.

நீள்வட்ட மண்டலங்களில் தூசி பொதுவாகவே இரவல் பொருள்தான் என்று நினைக்க நல்ல காரணம் உண்டு. அவற்றின் விண்மீன்களே தூசியை உண்டாக்கியிருந்தால், விண்மீன் நிறை கூடக் கூடத் தூசியும் கூட வேண்டும். ஹெர்ஷல் அளந்தபோது அப்படியொரு ஒழுங்கே இல்லை. ஒரே நிறையுள்ள இரண்டு நீள்வட்ட மண்டலங்களில் ஒன்றில் தூசி ஏராளம், மற்றதில் மருந்துக்கும் இல்லை. யாரோ ஒரு சிறிய மண்டலம் வந்து விழுந்த வீட்டில் தூசி இருக்கிறது. அதுகூடச் சுருள் மண்டலத் தூசியைவிடச் சற்று வெம்மையாக இருக்கிறது, அங்கே புதிய விண்மீன்கள் பிறக்கவில்லை என்றாலும். நெருங்கிக் குவிந்த பழைய விண்மீன்களின் ஒளியே அதைச் சூடாக்கப் போதும். அகச்சிவப்பு தெரிந்த இடமெல்லாம் விண்மீன் பிறக்கிறது என்று கணக்கெழுதும் அவசரக்காரர்கள் இங்கேதான் இடறுவார்கள். எம் 87 இன்னொரு பாடம்: அதன் தொலை அகச்சிவப்பு முழுக்கத் தூசியே இல்லாமல், கருந்துளையைச் சுற்றிப் பீறிடும் எலக்ட்ரான்கள் காந்தப் புலத்தில் சுழன்று உமிழும் ஒளி. ரேடியோ அலைநீளத்தில் தொடங்கி அகச்சிவப்பு வரை நிறமாலை ஒரே கோடாக ஓடுவதை வைத்து இதைப் பிரித்தறிந்தார்கள். தூசி இருந்திருந்தால் கோட்டுக்கு மேல் ஒரு திமில் எழும்பியிருக்கும்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, அக்கம்பக்கம் இருந்தால் அகச்சிவப்புக்குக் கேடு என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். வானத்தில் அகச்சிவப்பில் கொழுந்துவிட்டு எரியும் மண்டலங்களில் பெரும்பாலானவற்றுக்கு நெருங்கிய அண்டை வீட்டார் உண்டு.

ஐராஸ் கண்ட அதிசயங்களில் தலையானது இது. கண்ணொளியில் சுமாராகத் தெரியும் சில மண்டலங்கள் அகச்சிவப்பில் ஒரு லட்சம் கோடி சூரியன்களின் வெளிச்சத்தைக் கொட்டின. அருகில் உள்ளது ஆர்ப் 220, சுமார் 25 கோடி ஒளியாண்டு தூரத்தில். அதன் ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் தூசி வழியாகவே வெளிவருகிறது. டேவிட் சாண்டர்ஸும் சகாக்களும் 1988-இல் இத்தகைய பத்து மண்டலங்களை நிதானமாகப் படமெடுத்துப் பார்த்தார்கள். பத்துமே இரண்டு மண்டலங்கள் மோதி ஒன்றாகிக்கொண்டிருப்பவை. ஆர்ப் 220-இல் இரண்டு மையங்களும் இன்னும் தனித்தனியாக, ஆயிரத்துச் சில்லறை ஒளியாண்டு இடைவெளியில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

மோதல் எப்படித் தூசியை ஒளிர வைக்கிறது? இரண்டு மண்டலங்கள் மெதுவாக நெருங்கும்போது ஒன்றன் ஈர்ப்பு மற்றதன் அருகுப் பக்கத்தைத் தொலைவுப் பக்கத்தைவிட அதிகமாக இழுக்கும். நம் கடலில் ஏற்றவற்றம் உண்டாக்கும் அதே ஓதவிசை. தட்டு வளைகிறது, நீள்கிறது. வாயு தன் சுழற்சியை இழந்து மையத்தை நோக்கிச் சரிகிறது. சிறிய இடத்தில் பெரிய அளவு வாயு குவிந்தால் விண்மீன்கள் திமுதிமுவெனப் பிறக்கும். பிறக்கும் இடமோ தூசி அடர்ந்த இடம். ஒளி ஒன்றும் தப்பாது. எல்லாம் அகச்சிவப்பாக மாறித்தான் வெளியேறும். மோதும் ஆண்டெனா மண்டலங்களில் இது படமாகவே தெரிந்தது. ஐரோப்பாவின் ஐஎஸ்ஓ செயற்கைக்கோள் 1998-இல் காட்டியபடி, அங்கே இடை அகச்சிவப்பில் மிகப் பிரகாசமான இடம் இரண்டு மையங்களும் அல்ல. இரண்டு தட்டுகளும் ஒன்றையொன்று மேவும், கண்ணொளியில் கறுத்துக் கிடக்கும் பகுதி.

இங்கே தீர்மானிப்பது வேகம். விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டரில் குறுக்கே போகிறவர்கள் ஒருவரையொருவர் பிடித்து இழுக்க நேரம் கிடைக்காது. கொத்தில் அதுதான் நிலைமை, போதாததற்குச் சூடான வாயு வேறு. நாலைந்து மண்டலங்கள் மட்டும் உள்ள சிறு குழுவில் வேகம் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர்தான்; சூடான வாயுவும் சொற்பம். அங்கே ஈர்ப்பு ஆற அமர வேலை செய்யும். எம் 81-இன் அருகே இருக்கும் எம் 82 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: சிறிய மண்டலம், ஆனால் பெரிய அண்டை வீட்டாரின் இழுப்பால் மையத்தில் விண்மீன்கள் வெடித்துப் பிறந்து, தூசியும் வாயுவும் மேலும் கீழும் பீய்ச்சியடிக்கின்றன. வெளியே தெரியும் தூசியில் எல்லாம் பீறிட்டது அல்ல, கணிசமானது எம் 81 உருவி எடுத்தது என்று ஹெர்ஷல் படங்கள் காட்டின.

நெருங்கிய குழுக்கள் இன்னொரு விநோதத்தையும் காட்டுகின்றன. பால் ஹிக்ஸன் 1982-இல் தொகுத்த நூறு குழுக்களில் பன்னிரண்டை ஸ்பிட்சர் தொலைநோக்கி அகச்சிவப்பில் ஆராய்ந்தது. தூசி ஒளி தூக்கலான மண்டலங்கள் ஒரு பக்கம், பழைய விண்மீன் ஒளி மட்டுமே மிஞ்சியவை இன்னொரு பக்கம் எனப் பிரிந்து நிற்க, நடுவில் ஏறக்குறைய யாருமே இல்லை. தனித்து வாழ்பவற்றில் அந்த இடைவெளி கிடையாது. குழுவுக்குள் வந்த மண்டலம் வாயுவை வேகமாகச் செலவழித்துவிட்டு, இடைநிலையில் தங்காமல் அடங்கிவிடுகிறது என்று இதைப் படிக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. நடுவில் ஆள் இல்லை என்றால் அங்கே யாரும் நிற்பதில்லை என்றுதானே பொருள்.

பழைய காலத்துக்குப் போனால் கதை தலைகீழாகிறது. ஏறக்குறைய 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பிரபஞ்சத்தை ஸ்பிட்சர் பார்த்ததை வைத்து 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று, அன்று நெரிசலான இடங்களில்தான் விண்மீன் பிறப்பு அதிகம் என்றது. பின்வந்த ஆய்வுகள் சில இதை ஏற்றன, சில மறுத்தன. இன்னும் பின்னால் போனால் சர்ச்சைக்கு இடமில்லாத காட்சி ஒன்று இருக்கிறது. பிரபஞ்சத்துக்கு 140 கோடி வயதே ஆகியிருந்தபோது, நம் பால்வழியைவிடச் சில மடங்கே பெரிய இடத்துக்குள் பதினான்கு மண்டலங்கள் முண்டியடித்துக்கொண்டு தூசி ஒளியில் எரிவதை, சிலியின் அல்மா தொலைநோக்கி கண்டதாக 2018-இல் அறிவித்தார்கள். இன்றைய பெருங்கொத்து ஒன்றின் பிள்ளைப் பருவம் அது. அன்று மண்டலங்களில் குளிர்ந்த வாயு ஏராளம். அதைப் பிடுங்கும் சூடான வாயு இன்றைய அளவுக்கு இன்னும் சேரவில்லை. நெரிசல் அன்று அடுப்பைத் தூண்டியது, இன்று விறகைப் பறிக்கிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கனமான மண்டலங்கள் கொத்தில்தான் அதிகம். கனமானவை எங்கே இருந்தாலும் சீக்கிரம் அடங்கிவிடும். ஆகவே கொத்தில் தூசி ஒளி மங்கலாக இருப்பதற்குக் காரணம் பிறப்பா, வளர்ந்த இடமா? ஒரே நிறை, ஒரே வடிவம் கொண்டவற்றை மட்டும் எதிரெதிரே நிறுத்தி ஒப்பிடுவதே ஒரே வழி. ஹைட்ரஜன் பற்றாக்குறை என்ற அளவுகோலின் அருமையும் அதுதான். தனித்து வாழும் தன் இரட்டையரோடு ஒவ்வொரு மண்டலத்தையும் அது ஒப்பிட்டுவிடுகிறது. அப்படி ஒப்பிட்ட பிறகும் தூசித் தட்டு குறுகியே இருந்தது என்பதால்தான் குற்றத்தை இடத்தின் மேல் சுமத்த முடிகிறது.

ஹெர்ஷலின் ஹீலியம் 2013 ஏப்ரலில் தீர்ந்தது. அதன் பிறகு தொலை அகச்சிவப்பில் பார்க்கும் பெரிய விண்தொலைநோக்கி எதுவும் மேலே போகவில்லை. ஜேம்ஸ் வெப் 28 மைக்ரானோடு நின்றுவிடும். 20 பாகைத் தூசி அதற்குத் தெரியாது. அடுத்ததாக நாசா 2024-இல் இறுதிச் சுற்றுக்கு எடுத்த இரண்டு திட்டங்களில் பிரைமா என்ற தொலை அகச்சிவப்புத் தொலைநோக்கியும் ஒன்று. இரண்டில் ஒன்றை மட்டும், அதுவும் 2032 வாக்கில் ஏவுவது என்பதே அப்போதைய திட்டம். அதுவரை இருக்கும் படங்களே கைமுதல். ஹெர்ஷலின் கன்னிக் கொத்துப் படங்களும், ஐராஸ் பட்டியலும், ஆஸ்ட்ரோசாட்டின் புறஊதாப் படங்களில் பொதுவில் விட்டவையும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. தூசி விழுங்கிய ஒளி அகச்சிவப்பில், தப்பிய ஒளி புறஊதாவில். இரண்டையும் ஒரு மண்டலத்துக்குக் கூட்டினால் அங்கே விண்மீன் பிறக்கும் கணக்கு முழுதாகும். இயற்பியல் முதுகலை மாணவர் ஒருவர் ஒரு மடிக்கணினியோடு உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இது. திட்டக்கட்டுரைக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் யாராவது முயன்று பார்க்கலாம்.